கடலுக்கு என்ன நிறம்?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் வெளியிடவில்லை. விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. அவருடைய ஏழு வயது மகளுக்குக் கடலுக்குள் சண்டை போடும் வீராங்கனையாக வேஷம் போட வேண்டுமென்று ஆசை. அண்ணனுடைய காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து வந்த ஆசை. என்ன உடுப்பு, என்ன ஆயுதம் என்று தானே ஒரு படமும் வரைந்திருக்கிறாள். பச்சையில் உடுப்பு, கையில் சூலாயுதம், சுற்றிலும் சுறாமீன்கள். எல்லாம் ஜோர். ஆனால் முகத்துக்கு மட்டும் பெட்டியிலிருந்த 'ஸ்கின் கலர்' குச்சியை எடுத்து வெளிர் ரோஜாவாகத் தீட்டியிருக்கிறாள். தலைமயிர் மஞ்சள்.

"இது நீதானே ஏட்டி? உன் நிறத்துல வரைய வேண்டியதுதானே?" என்று தாயார் கேட்டிருக்கிறார். "எம்மா, நான் கறுப்பா இருக்கேம்லா? கறுப்பா இருந்தா கூட வாற ஆளாத்தான் இருக்கணும். இவ மெயினும்மா!" என்று பதில் சொல்லிவிட்டு, குழந்தை சாவதானமாகச் சுறாவுக்குப் பல் வரையப் போய்விட்டதாம்.

"நான் சிரிப்பதா, அழுவதா, அக்கா? குழந்தைப் பேச்சு என்று விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார் சகோதரி.

விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். குழந்தையைக் கோபித்துக்கொள்ளவும் கூடாது. அவள் கற்பனையாக ஒன்றும் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறாள். உலகத்துப் படக்கதைகளில் வெகு காலம் நடந்துவந்த ஓர் ஏற்பாட்டை, படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயத்தை, சுறாவுக்குப் பல் வரைகிற நேரத்தில் சொல்லிவிட்டாள். கறுப்பு என்றால் கூட வருகிறவர். வெள்ளை என்றால் வீரர்.

முதலில் அந்த வர்ணப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கிரயோலா என்ற வர்ணக்குச்சிக் கம்பெனி, வெளிர் ரோஜா நிறக் குச்சி ஒன்றைச் 'சதை நிறம்' என்ற பெயரிலேயே வெகு காலம் விற்றுவந்தது. அங்கே கறுப்பு மக்கள் சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த நாட்களில், 1962-ல், அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயரைச் சூட்டினார்கள். 2020-ல் உலக மக்களின் தோல் நிறங்களுக்கென்றே 24 குச்சிகள் கொண்ட தனிப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். நாமோ வெயில் உச்சியைப் பிளக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் இல்லாத நிறத்தை இன்றும் 'ஸ்கின் கலர்' என்றே கேட்டு வாங்குகிறோம்.

இனி, குழந்தை பார்த்த படங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் சூப்பர்மேன் பிறந்தது 1938-ல். கடலுக்கு அடியில் மூச்சு விடுகிற, மீன்களோடு பேசுகிற அக்வாமேன் 1941-ல் வந்தார். பொன்னிறக் கூந்தல், ஆரஞ்சுச் சட்டை, பச்சைக் கால்சட்டை. அந்தக் காலத்தில் வானத்தில் பறந்தவர்கள், கடலில் நீந்தியவர்கள், இரவில் திருடனைப் பிடித்தவர்கள் எல்லாருமே வெள்ளைக்காரர்கள்தான். கதையில் கறுப்பு மனிதர் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தார், எங்கே இருந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். லீ ஃபாக் என்பவர் 1934-ல் எழுதத் தொடங்கிய கதை அது. மாண்ட்ரேக்குக்குத் துணையாக வருகிறவர் லொதார். ஆப்பிரிக்காவில் ஏழு நாட்டு மக்களுக்கு இளவரசர்; உலகத்திலேயே பெரிய பலசாலி. ஆனால் அரசைத் துறந்து மந்திரவாதிக்குப் பின்னால் நடக்கிறார். ஆரம்பகாலப் படங்களில் அவருக்குச் சிறுத்தைத் தோல் உடுப்பு, தலையில் குல்லாய், வாயில் உடைந்த இங்கிலீஷ். 1965-ல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் என்ற ஓவியர் பொறுப்பேற்ற பிறகுதான் லொதார் ஒழுங்கான சட்டை போட்டுக்கொண்டு, ஒழுங்காகப் பேசும் சிநேகிதரானார். ஓர் இளவரசருக்குச் சட்டை கிடைக்க முப்பது வருஷம்!

அதே லீ ஃபாக் 1936-ல் எழுதியது ஃபாண்டம், தமிழில் வேதாளர். கப்பல் கொள்ளைக்காரர்களால் தாக்கப்பட்டுக் கரை ஒதுங்கிய வெள்ளைக்காரர் ஒருவரை, காட்டில் வாழும் குள்ள மக்கள் எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். அவரும் அவர் வம்சமும் தலைமுறை தலைமுறையாக முகமூடி போட்டுக்கொண்டு அந்தக் காட்டுக்குக் காவல் நிற்கிறார்கள். கதை விறுவிறுப்புத்தான். ஆனால் கவனியுங்கள்: பிழைக்க வைத்தவர்கள் கறுப்பு மக்கள், சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் கரை ஒதுங்கிய விருந்தாளி.

இதில் நம் தேசத்துக்கும் ஒரு பாத்திரம் கிடைத்திருந்தது. என்ன பாத்திரம் தெரியுமா? கொள்ளைக்காரர் பாத்திரம்! மூலக் கதையில் அந்தக் கப்பல் கொள்ளைக்காரர்களுக்கு 'சிங்' என்று பெயர். நாட்டின் பெயரோ வங்காளத்தை நினைவூட்டும். கொலைகாரன் ஒருவனுக்கு 'ராமா' என்று பெயர். 1964-ல் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் வேதாளரை நம் நாட்டில் அச்சிட்டபோது, நாட்டின் பெயரை 'டெங்காலி' ஆக்கினார்கள். 'சிங்' என்பதைச் 'சிங்கா' ஆக்கினார்கள். 'ராமா'வை 'ராமலு' ஆக்கினார்கள். இரண்டொரு எழுத்தை மாற்றி அவமானத்தைத் துடைத்தாகிவிட்டது. வேறு என்ன செய்வது? கதை நம்முடையதாக இருந்தால் அல்லவா பாத்திரத்தையே மாற்றலாம்!

இந்த இடத்தில் வாசகர்களில் சிலர் குறுக்கிடுவார்கள். "நாங்களும் இந்தக் கதைகளைப் படித்துத்தானே வளர்ந்தோம்? நிறத்தையா பார்த்தோம்? வீரத்தைத்தானே பார்த்தோம்?" என்பார்கள். நியாயமான கேள்வி. தூத்துக்குடிக்குப் பக்கத்துச் சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது, முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற சிறுவர் பத்திரிகையில் 1962-ல் பிறந்தவர் அவர். ஒரு கையை விபத்தில் இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும்; கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தென்பாண்டி நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் மின்சாரப் பொத்தானில் விரலை வைக்கப்போய் அடி வாங்கியது இந்த மனிதரால்தான். அவரை ஒருவரும் அந்நியராக நினைக்கவே இல்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்று, 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயர். அத்தனை நல்ல தமிழ்ப் பெயர் வைத்த பிறகு அவர் எப்படி வெள்ளைக்காரராக இருக்க முடியும்? இன்னொன்று, வீரம் காட்டுகிற நேரத்தில் அவர் உடம்பே தெரியாது. தோல் தெரிந்தால்தானே நிறம் தெரியும்! அந்த வெற்றிடத்துக்குள் கறுத்த பையன் ஒருவன் சௌகரியமாக நுழைந்துகொள்ளலாம்.

ஆகவே, வேற்று முகத்தை நேசிப்பதில் தப்பே இல்லை. அது நல்ல மனசுக்கு அடையாளம். இத்தாலியில் 1948-ல் பிறந்த டெக்ஸ் வில்லரைத் தமிழ்ப் பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். அவர் நவஜோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தலைவர். அந்தக் குலத்துப் பெண்ணை மணந்தவர். மகன் இரண்டு ரத்தமும் கலந்தவன். மனசுக்கு இதமான கதை. அங்கேகூட, நவஜோக்காரரான டைகர் ஜாக் கூட வருகிற தோழர்தான், தலைவர் வெள்ளைக்காரர். பிறர் முகத்தை நேசிப்பது ஒன்று. தன் முகத்தைக் கதாநாயகர் இடத்தில் ஒரு நாளும் பார்க்காமலே வளர்வது வேறொன்று. நம் குழந்தையின் சங்கடம் இரண்டாவது வகை. இரும்புக்கை மாயாவியைப் படித்த பையன்களில் பலர் தப்பித்துக்கொண்டார்கள். பெண் குழந்தைக்கு அந்த வசதியும் குறைவு. முகத்தையும் நிறத்தையும் பற்றி அவளிடம் வீடு பேசுகிற அளவுக்குப் பையனிடம் பேசுவதில்லையே!

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்று அமெரிக்காவில் ஒரு தம்பதி. இருவருமே கறுப்பினத்தைச் சேர்ந்த மனோதத்துவ அறிஞர்கள். 1940-களில் சிறு குழந்தைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. நிறம் மட்டும் வேறு. "நல்ல பொம்மை எது? கெட்ட பொம்மை எது? உன்னைப் போல இருப்பது எது?" என்று கேட்டார்கள். கறுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்று காட்டினார்கள். கடைசிக் கேள்வி வந்ததும் சில குழந்தைகள் அழுதுவிட்டன. நிறவாரியாகப் பள்ளிக்கூடங்களைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் அளித்த தீர்ப்பில் இந்தப் பொம்மை ஆராய்ச்சியும் எடுத்துக்காட்டப்பட்டது. மூன்று வயதிலேயே குழந்தை இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடுகிறது, சகோதரிகளே. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் காலம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 1966-ல் 'பிளாக் பேந்தர்' வந்தார். ஆப்பிரிக்காவில் வகாண்டா என்ற கற்பனை நாட்டின் அரசர். விஞ்ஞானத்தில் உலகத்துக்கே முன்னோடியான நாடு. அவருக்கு எஜமானரும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. 1975-ல் 'ஸ்டார்ம்' வந்தாள். இடியையும் மழையையும் ஆட்டி வைக்கும் கறுப்பு வீராங்கனை. 2004-ல் பவித்ர பிரபாகர் என்ற பம்பாய்ப் பையன் வேட்டி கட்டிக்கொண்டு சிலந்தி மனிதன் ஆனான். 2014-ல் கமலா கான் என்ற பள்ளிக்கூடப் பெண் தனக்கென்று தனிப் புத்தகம் பெற்றாள். பாகிஸ்தானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். வீட்டில் அம்மாவின் கண்டிப்பு, வெளியில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை. இந்தச் சங்கடத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்க வேண்டுமா என்ன!

"கறுப்பு முகத்தைப் போட்டால் விற்காது" என்பது வியாபாரிகளின் பழைய வாதம். 2018-ல் 'பிளாக் பேந்தர்' சினிமா 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்து அந்த வாதத்தை மூட்டை கட்டி அனுப்பியது. அதே வருஷம் அக்வாமேன் சினிமாவும் வந்தது. பொன்னிறக் கூந்தல் மனிதரை அதில் காணவில்லை. ஹவாய்த் தீவுப் பூர்வகுடி வம்சத்தில் வந்த ஜேசன் மோமோவா கரிய தாடியும் பச்சை குத்திய தோளுமாகக் கடலிலிருந்து எழுந்து வந்தார். அதுவும் 100 கோடி டாலரைத் தாண்டியது. தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்த தீவு மக்களின் முகத்தைக் கடல் ராஜாவுக்கு வைத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது.

ஆனால் கடல்கன்னிக்கு அவ்வளவு சுலபமாக வழி விடவில்லை. டிஸ்னி கம்பெனியின் 'லிட்டில் மெர்மெய்ட்' 2023-ல் மறுபடி படமானபோது, ஹாலி பெய்லி என்ற கறுப்பினப் பெண் கடல்கன்னியாக நடித்தார். "கடல்கன்னி கறுப்பாக இருப்பாளா?" என்று உலகம் பூராவும் ஒரு கூக்குரல். கடல்கன்னியை யாரோ நேரில் பார்த்து நிறம் குறித்துக்கொண்டு வந்தது போல! அதே சமயம், முன்னோட்டப் படத்தைப் பார்த்த கறுப்புச் சிறுமிகள், "அம்மா, அவள் என்னைப் போலவே இருக்கிறாள்!" என்று துள்ளிக் குதித்ததையும் உலகம் பார்த்தது. அந்தக் கூக்குரல் அடங்கிவிட்டது. இந்தத் துள்ளல் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். பழைய வீரருக்குப் புதிய வர்ணம் பூசினால் மட்டும் போதாது. வேட்டி கட்டிய சிலந்தி மனிதன் வேடிக்கையாக இருக்கிறான். ஆனால் சிலந்தி அவர்களுடையது. நம் கடற்கரைக்குச் சொந்தமாகக் கதை இல்லையா?

தூத்துக்குடி வாசகிக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. ஆனாலும் மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பாண்டியர்களின் கொற்கைத் துறைமுகம் பெயர் பெற்றதே இந்தக் கரையின் முத்தால்தான். நடுநிசியில் தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். விடியும்போது முத்துச்சிப்பி கிடக்கும் 'பார்' மேல் நிற்கும். குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழம். அதாவது முப்பது அடியிலிருந்து அறுபது அடி. பிராண வாயுக் குழாய் கிடையாது. அக்வாமேன் போலத் தண்ணீரில் மூச்சு விடும் வரமும் கிடையாது. ஒரே மூச்சு. அந்த ஒரு நிமிஷ அவகாசத்தில் கையால் துழாவிச் சிப்பிகளைப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இப்படி. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று 'கடல்கட்டி'கள் என்ற மந்திரக்காரர்களும் இருந்தார்கள். அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்த காலம் உண்டு.

மேலே படகில் கயிற்றைப் பிடித்து நிற்கிறவர் யார்? குளிக்கிறவருடைய மனைவியின் சகோதரர் என்று முத்துக்கரையில் சொல்வார்கள். அக்காள் தங்கை தாலியைக் காப்பாற்ற அவனைப் போல் கண்ணும் கருத்துமாக யார் நிற்பார்கள்? 'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்ற பழமொழி கடலுக்கும் பொருந்துகிறது. இந்தக் கதையில் 'கூட வருகிறவர்' கை தளர்ந்தால் வீரர் இல்லை. கூட இருக்கிறவரும் வீரரும் ஒரே நிறம், ஒரே குடும்பம். லொதாருக்குக் கிடைக்காத மரியாதை அந்த மச்சானுக்கு இருக்கிறது.

பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களுமாகக் குளித்தெடுத்த சிப்பியில், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குப் போயிற்று. முத்து வெள்ளை, எடுத்து வந்த முதுகு கறுப்பு. முத்தைப் படம் பிடித்தவர்கள், பாடியவர்கள், விலை மதித்தவர்கள் உண்டு. எடுத்தவரை வீரராக வைத்து எத்தனை படக்கதை வந்திருக்கிறது? 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அந்தப் பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அதைப் பார்த்த கண்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கதை இது.

பெண் குழந்தைக்குப் பெண்ணே உதாரணமாக வேண்டுமென்றால், அதே மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையில், கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. கண்ணுக்கு நீர்க்கண்ணாடி. பாறை கிழிக்காமலிருக்க விரல்தோறும் துணிச் சுற்று. இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருகிறார்கள். கடல் வளம் அழியக் கூடாது என்று இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டவர்கள். பாம்பன் தீவின் சின்னப்பாலம் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு பரிசளித்தது. அமெரிக்காவிலிருந்து சூப்பர் வீரர்களை நாம் தருவிக்கிறோம். அவர்கள் நம் வீராங்கனையைத் தேடி அழைத்து மரியாதை செய்கிறார்கள்! அந்த உடுப்பை ஓர் ஓவியர் வரைந்து பார்க்கட்டும். எந்த அயல்நாட்டு முகமூடிக்கும் குறைந்ததில்லை.

கதை இல்லாமலா போயிற்று? இல்லை. கதைக்கும் குழந்தைக்கும் நடுவே நாம்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

கசப்பான பகுதி இதுதான். பழியை அமெரிக்கக்காரர்கள் மேல் போட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவர்களுடைய நிறவெறிக்குப் பின்னால் அடிமை வியாபாரம் இருக்கிறது. நம்முடையதற்குப் பின்னால், வெயிலில் உழைக்கிறவர் கறுப்பு, நிழலில் இருப்பவர் சிவப்பு என்ற கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் சாதியும் ஒளிந்துகொண்டிருக்கிறது. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்கிறோம். பாருங்கள், பெற்ற தாய் பாராட்டும்போதுகூடக் கறுப்புக் குஞ்சைப் பொன்னாக்கித்தான் பாராட்ட வேண்டியிருக்கிறது! கறுப்புக் குஞ்சு என்றே கொஞ்சினால் என்ன? திரௌபதிக்கு 'கிருஷ்ணை' என்று ஒரு பெயர்; கரிய நிறத்தாள் என்று பொருள். காலண்டரில் அவளை அந்த நிறத்தில் பார்த்தவர் எத்தனை பேர்? ராமரையும் கிருஷ்ணரையும் கறுப்பாக்க மனம் வராமல் நீலமாக்கிவிட்டோம். புராணப் படக்கதைகளில் தேவர்கள் பெரும்பாலும் வெளுப்பு, அசுரர்கள் கறுப்பு. நம் குழந்தை அமெரிக்கப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே பாதிப் பாடம் வீட்டில் முடிந்துவிடுகிறது.

மீதிப் பாடத்தை விளம்பரம் நடத்துகிறது. 1975-லிருந்து முகத்தை வெளுப்பாக்கும் ஆசையை விற்றுவந்த ஒரு பிரபல கிரீம், 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. சொல் போயிற்று, ஆசை போயிற்றா? சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009-ல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரம், இந்த ஆசையால் நம் பெண்கள் படும் பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிரசாரத்துக்கு நம் ஊரே பிறப்பிடமாக இருந்ததில் ஆறுதலும் உண்டு. அவசியம் ஏற்பட்டதே என்ற வருத்தமும் உண்டு.

ஆனால் நம்மிடம் மருந்தும் இருக்கிறது. தென் ஜில்லாக்களில் இரவில் ஊருக்குக் காவல் வருகிற தெய்வத்துக்குப் பெயரே கருப்பசாமி. அரிவாளும் குதிரையுமாக, பயந்தவர்களுக்குத் துணையாக வருகிறவர். இருட்டில் வந்து காப்பாற்றும் வீரரைக் கறுப்பு என்றே கூப்பிட நம் முன்னோர் கூச்சப்படவில்லை. மாறுவேடம் என்றால் தூத்துக்குடி ஜில்லாவை மிஞ்ச யாரால் முடியும்? குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போய்ப் பாருங்கள். ராஜா, குறத்தி, குரங்கு, போலீஸ்காரர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டி வருகிறார்கள். எல்லாவற்றிலும் கடும் விரதம் வேண்டியது காளி வேஷம். பத்தாம் நாள் இரவு, கடற்கரையில், முத்தாரம்மன் மகிஷனை வதம் செய்கிறாள். கடலோரத்தில் கறுப்பு வேஷத்துக்குக் கூட்டமே வழிவிட்டுக் கும்பிடுகிற ஊர் இது. கடல், வீராங்கனை, சூலாயுதம், கறுப்பு நிறம் நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

ஆகவே, சகோதரி, உங்கள் மகளிடம் நிறத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டாம். அமெரிக்கப் புத்தகங்களைப் பிடுங்கவும் வேண்டாம். வீட்டிலோ தெருவிலோ முத்தோ சங்கோ குளித்த பெரியவர் ஒருவர் இருந்தால், சாயங்காலம் அவரிடம் அழைத்துப்போய் உட்கார வையுங்கள். சுறா வந்தால் என்ன செய்வார்கள் என்று அவளே கேட்கட்டும். வேஷம் போடும் அன்று பவுடர் டப்பாவைப் பூட்டி வைத்துவிடுங்கள். உறவுக்காரர்கள், "கறுத்தாலும் களையாக இருக்கிறாள்" என்று சொன்னால், அந்த 'ஆலும்' எதற்கு என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். வர்ணப் பெட்டியில் பழுப்புக் குச்சி புதிதாகவே இருந்தால் குழந்தை அதைத் தொடவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் முதலில் எடுத்து உங்கள் முகத்தை வரைந்து காட்டுங்கள்.

மற்ற வாசகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ வீரச் செயல் செய்த பெண்மணி ஒருவர் இருந்தால், வெள்ளத்தில் பிள்ளையைத் தூக்கியவரோ, தனியாகப் படகு தள்ளியவரோ, யாராயிருந்தாலும் சரி, அவரைப் பற்றிப் பத்து வரி எழுதி அனுப்புங்கள். படம் வரையத் தெரிந்த குழந்தை இருந்தால் படமும் அனுப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாண விளம்பரத்தில் எழுதுவது போல 'மாநிறம்' என்று மழுப்ப வேண்டாம். அவர் கறுப்பு என்றால் கறுப்பு என்றே எழுதுங்கள்.